5 செ.மீ. இடைவெளியில் எந்த டவுன்லைட்?

கேள்வி:
ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போடுகிறோம். அறை 12க்கு 14 அடி. கான்கிரீட்டுக்கும் போர்டுக்கும் நடுவே 5 செ.மீ.தான் கிடைக்கும். வரைபடத்தில் சீலிங்கில் பதிக்கும் டவுன்லைட் 12, ஒவ்வொன்றும் 12 வாட். அப்பா சோபாவில் மல்லாந்து படுத்துத்தான் ரேடியோ கேட்பார், கண் கூசக் கூடாது. எதை வாங்கலாம்?

பதில் 1:
ஸ்லிம் பேனல், அதாவது தட்டையான மெல்லிய லைட். இந்த இடத்தில் தாராளமாக உட்காரும்.

பதில் 2:
உட்காரும்தான், ஆனால் அதில் ஒளிரும் பரப்பு சீலிங் மட்டத்திலேயே இருக்கும், அறையின் எந்த மூலையிலிருந்தும் கண்ணில் படும். கூசாத வகை லைட்டில் எல்இடி உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு ஆழம் வேண்டும், பின்னால் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் வேறு. உங்கள் 5 செ.மீ.யில் அது பெரும்பாலும் நுழையாது.

நான் வயரிங் வேலை பார்ப்பவன். என்னைக் கேட்டால், லைட்டை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுங்கள். எவ்வளவு நல்ல லைட்டானாலும் நேர் கீழே படுத்தால் கூசத்தான் செய்யும். சோபாவுக்கு மேலே ஒன்றும் வேண்டாம். மற்றச் சுவர்களிலிருந்து இரண்டு, இரண்டரை அடி தள்ளி வரிசையாக வையுங்கள். சுவரில் பட்டு வரும் வெளிச்சமே அறைக்குப் போதும்.

அப்புறம், 12 லைட், ஒவ்வொன்றும் 12 வாட் என்றால் மொத்தம் 144 வாட். வாட்டுக்கு 80 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று வைத்தாலும் 11,500 லூமன் தாண்டும். அது அலுவலகத்துக்கான வெளிச்சம், ஹாலுக்கு எதற்கு? 7 வாட்டில் ஆறு போதும், 3000 கெல்வின் (மஞ்சள் கலந்த வெளிச்சம்), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 கிடைத்தால் நல்லது.

டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) தனிப் பெட்டியாக வருவதை வாங்குங்கள். பெரும்பாலும் முதலில் போவது அதுதான். அந்தப் பெட்டி, லைட்டுக்காகப் போர்டில் வெட்டும் கட்-அவுட் ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் பிறகு போர்டை உடைக்க வேண்டியிருக்கும். லைட் கைக்கு வந்த பிறகே ஓட்டை போடச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

கேட்டவர்:
சரி, ஆறாகவே குறைக்கிறேன். பழைய குண்டு பல்புக்கு வைத்த, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருக்கிறது, அதிலேயே கொடுக்கலாமா?

பதில் 2:
டிரைவரில் டிம்மபிள் என்று போட்டிருந்தால் மட்டும். போட்டிருந்தாலும் பழைய டிம்மர் இவ்வளவு குறைந்த வாட்டில் மினுக்கலாம். மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு சுவிட்ச் கொடுங்கள், தொல்லையில்லை.