பழைய எஸ்யூவிக்கு ஸ்பிரிங், ஷாக் மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பஜேரோ 2.8, ஏற்காடு

திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வந்த பழைய டீசல் பஜேரோ என்னுடையது. கைமாறி என்னிடம் வந்தபோதே பின்பக்கம் உட்கார்ந்திருந்தது. சேலத்துக்குள் ஓட்டும்வரை பெரிதாகத் தெரியவில்லை. அடிவாரம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் வண்டியின் குணம் வெளியே வந்தது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாகச் சாயும். வளைவு முடிந்து நேரான பிறகும் ஒரு ஆட்டம் ஆடித்தான் நிற்கும். மொத்தம் இருபது வளைவு. பின்சீட்டில் இருப்பவர்கள் பத்தாவது வளைவுக்குள் எலுமிச்சம்பழம் கேட்பார்கள்.

இரவில் இன்னொரு தொல்லை. நான் டிம்மில்தான் வருவேன், எதிரில் வரும் பஸ்காரர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டுவார்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே பார்க்கும், அவ்வளவுதான் விஷயம். ஏற்காட்டு மூடுபனியில் அந்த வெளிச்சம் நமக்கும் ஆகாது, எதிரே வருபவருக்கும் ஆகாது.

ஸ்பிரிங் வாங்கக் கிளம்பும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள். வீலின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும். என் வண்டியில் பின்னால் வலமும் இடமும் ஒரே அளவில் இல்லை, ஓட்டுநர் பக்கம் ஒரு விரல் கூடுதலாக இறங்கியிருந்தது. பல வருஷம் ஒரே ஆள் தனியாக ஓட்டிய வண்டியில் இது சகஜம். சில புது ஸ்பிரிங் ஜோடிகளில் ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் உயரமானதைத் தருவதும் இதனால்தான். பிரிக்கும்போது இடம் வலம் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.

பட்டறையில் "ஸ்பிரிங் வீக் ஆயிடுச்சு சார்" என்பார்கள். வயசானதால் ஸ்பிரிங்கின் விறைப்பு பெரிதாகக் குறைந்துவிடாது. விறைப்பு என்பது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை இவற்றைப் பொறுத்தது, அவை அப்படியே இருக்கின்றன. குறைவது உயரம். உயரம் குறைந்தால் அச்சுக்கும், அது பாடியில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவில் இடைவெளி போய்விடும். பின்னால் மூன்று பேர், டிக்கியில் இரண்டு உர மூட்டை என்றால் வண்டி அந்த ரப்பரின் மேலேயே உட்கார்ந்து ஓடும். எஸ்டேட் பாதையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகெலும்பில் "டங்" என்று விழும். பலர் இதை "ஸ்பிரிங் ஹார்டு" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, என்ன ஸ்பிரிங் போடுவது? வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்த மாடலுக்கு எடையை வைத்துப் பிரித்து விற்கின்றன. வெறும் வண்டிக்கு ஒன்று, எப்போதும் கொஞ்சம் சுமை ஏற்றுபவர்களுக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். "எதற்கும் பெரிதாகவே போட்டுவிடுவோம்" என்று தோன்றும். ஆனால் கம்பியின் தடிமன் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எகிறிவிடும், நான்காம் அடுக்குக் கணக்கு அது. 14 மி.மீ. கம்பிக்குப் பதில் 15 மி.மீ. போட்டால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தாலும், விறைப்பு சுமார் 32 சதவீதம் கூடும். ஒரு மில்லிமீட்டருக்கு இவ்வளவு.

காபிப் பழம் பறிக்கும் சீசனில்தான் என் வண்டியில் மூட்டை ஏறும். மற்ற மாதங்களில் நானும் என் மனைவியும் மட்டும். அதனால் நடு எடைக்கானதை எடுத்தேன். இதே மாடல் வைத்திருக்கும் என் மாமன் மகன் முழுச் சுமைக்கானதைப் போட்டான். அவன் வண்டி காலியாகப் போகும்போது பின்னால் உட்கார்ந்து பாருங்கள், தலை கூரையில் இடிக்கும். வாரத்தில் ஆறு நாள் எந்த எடையோடு ஓட்டுகிறோமோ அதற்குத்தான் ஸ்பிரிங் வாங்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை போகும் குடும்பச் சுற்றுலாவுக்கு அல்ல. இதை அவனிடமும் சொல்லிவிட்டேன், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஷாக்கையும் கூடவே மாற்றினேன். வண்டியைத் தாங்குவது ஸ்பிரிங், ஆட்டத்தை நிறுத்துவது ஷாக். விறைப்பான ஸ்பிரிங் அமுங்கி மேலே வரும் வேகம் அதிகம், அதைப் பிடித்து நிறுத்தப் பழைய ஷாக்குக்குத் தெம்பு போதாது. கணக்குப்படி ஸ்பிரிங் 32 சதவீதம் விறைத்தால் ஷாக்கின் பிடிப்பும் சுமார் 15 சதவீதம் கூட வேண்டும். அதனால் ஸ்பிரிங்கோடு அதற்கென்றே செய்த ஷாக்கையும் செட்டாக வாங்குவது நல்லது.

மாற்றிய பிறகு வண்டி மெத்தென்று ஆகிவிடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன மேடு பள்ளம் முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. ஆனால் வளைவில் ஒருமுறை சாய்ந்து அதோடு நின்றுவிடுகிறது. எலுமிச்சம்பழச் செலவும் குறைந்துவிட்டது.

குவாலிஸ், சங்ககிரி

அண்ணா, உங்களுக்குச் சுருள். எங்களுக்குப் பின்னால் பட்டை, அதாவது இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த ஸ்பிரிங். லாரி ஊர் என்பதால் பட்டை வேலைக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை, சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் தெருவுக்கு ஒரு ஆள் இருப்பார். சிக்கலும் அங்கேதான். லாரிப் பட்டை போடுபவர் கையில் குவாலிஸைக் கொடுத்தால் அவருக்கு அதுவும் குட்டி லாரிதான். "ரெண்டு பட்டை சேர்த்துடலாம், ஆயுசுக்கும் அசையாது" என்றார் ஒருவர். அசையவே அசையாதுதான், அப்புறம் எதற்கு ஸ்பிரிங்?

பழைய பட்டையை அடித்து வளைத்து மறுபடி வில்லாக்கித் தருவதும் உண்டு. செலவு குறைவு. ஆனால் சூடேற்றிப் பதம் சேர்க்காமல் வெறுமனே அடித்து வளைத்தது கொஞ்ச நாளில் மறுபடி படுத்துவிடும். எங்கள் அப்பா லாரி வைத்திருந்த காலத்தில் அதைச் செய்தோம், லாரிக்கு அது ஓடியது. வீட்டு வண்டிக்கு நான் ஒப்பவில்லை. புது செட் வாங்கினேன், கூடுதல் பட்டை எதுவும் சேர்க்கவில்லை.

பிரித்தபோது பார்த்தால் பாதிப் பிரச்சினை பட்டையில் இல்லவே இல்லை. பட்டை முனையில் உள்ள வளையத்தில் (கண் என்பார்கள்) இருக்கும் புஷ் ரப்பர் நசுங்கி, அந்த முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள் ஒரு பக்கம் இறுகிப் போயிருந்தது. பட்டை அமுங்கும்போது அதன் நீளம் மாறும், அந்த மாற்றத்துக்கு இடம் கொடுப்பது ஷேக்கிள்தான். அது நகரவில்லை என்றால் எவ்வளவு நல்ல பட்டை போட்டாலும் இரும்புக் கம்பியில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைப் பழையதையே மறுபடி போடாதீர்கள். ஒருமுறை முறுக்கி நீண்டது அது. புதிதாகப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

ஒரு கடைக்காரர் "சேலம் ஸ்டீல்ல செஞ்ச பட்டை" என்று விற்கப் பார்த்தார். நம் இரும்பாலை துருப்பிடிக்காத எஃகுக்குப் பேர் போனது, பட்டைக்குப் போடும் ஸ்பிரிங் எஃகு வேறு ரகம். ஊர்ப் பாசத்தில் ஏமாந்துவிடாதீர்கள்.

சஃபாரி டைகோர், அஸ்தம்பட்டி

முன்பக்கம் டார்ஷன் பார் உள்ள வண்டிக்காரர்களுக்காக எழுதுகிறேன். சஃபாரி, குவாலிஸ், பழைய எண்டெவர், மேலே சொன்ன பஜேரோ எல்லாமே இந்த வகை. சுருளுக்குப் பதில் நீளமான ஒரு கம்பி முறுக்கிக்கொண்டு எடையைத் தாங்கும். அதன் கடைசியில் ஒரு போல்ட் இருக்கும். அதைத் திருகினால் முன்பக்கம் உயரும். காசே செலவில்லாமல் வண்டி மேலே வருவதால் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு கண்.

ஊரில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டபோது நான் கேட்காமலே அதைத் திருகி உயர்த்திவிட்டார்கள். "கம்பீரமா இருக்கு பாருங்க" என்று வேறு சொன்னார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குரங்குச்சாவடி மேம்பாலத்தில் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் முன்னால் "டப் டப்" என்று சத்தம். போல்ட்டைத் திருகினால் கம்பி விறைப்பதில்லை, நிற்கும் உயரம் மட்டுமே மாறும். அப்போது சக்கரம் கீழே இறங்குவதற்கான இடம் குறைந்துவிடும், பள்ளத்தில் இறங்கும்போது சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம், அதன் தடுப்பில் (ஸ்டாப்) போய் அடிக்கும். அந்தச் சத்தம்தான் அது. கூடவே சக்கரம் நிற்கும் சாய்வும் (கேம்பர்) அது பார்க்கும் கோணமும் (டோ) மாறி டயர் ஓரம் தின்ன ஆரம்பித்தது. நாலு சக்கர டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்ஸில் மூட்டுகளும் அதிகக் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும்.

வேறு ஆளிடம் போய்க் கம்பெனி சொன்ன உயரத்துக்கே இறக்கி, அலைன்மென்ட் பார்த்தேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. பல வருஷத்தில் இறங்கிப்போன முன்பக்கத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவரத்தான் அந்த போல்ட்.

பின்னால் சுருள் ஸ்பிரிங் மாற்றும்போது பேன்ஹார்டு ராடைக் கவனியுங்கள். அச்சை இடம் வலம் நகராமல் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு அது. ஒரு முனை பாடியில், மறுமுனை அச்சில். பின்பக்கம் உயர்ந்தால் அது வட்டமாகச் சுழன்று அச்சையே ஒரு பக்கமாக இழுக்கும். சில மில்லிமீட்டர்தான், ஆனால் பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

ஸ்கார்ப்பியோ, ஆத்தூர்

இவ்வளவு செலவு எதற்கு? சுருளுக்கு நடுவில் திணிக்கும் ரப்பர் குஷன் வாங்கிப் போட்டேன். வண்டி உயர்ந்துவிட்டது, எனக்குத் திருப்திதான்.

பஜேரோ 2.8, ஏற்காடு

சொந்த உபயோகத்துக்கு, நல்ல ரோட்டில் மட்டும் ஓட்டினால் உங்களுக்கு அது போதலாம். எனக்கு ஒப்பவில்லை. குஷன் இருக்கும் சுற்று வேலை செய்யாது, அதன் பங்கையும் மற்ற சுற்றுகள் சேர்த்து அமுங்க வேண்டும். உயரம் வந்ததாகத் தெரியும், உள்ளே இருப்பது அதே பழைய ஸ்பிரிங்.

இதைவிட முக்கியமான ஒன்றை எல்லாருக்கும் சொல்ல வேண்டும். ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே பிரேக் குழாயில் ஒரு வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு சின்னக் கம்பி அச்சோடு இணைந்திருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும், காலி வண்டி என்றால் குறைக்கும். இப்போது நாம் ஸ்பிரிங் மாற்றி பின்பக்கத்தை உயர்த்திவிட்டோம். வால்வு என்ன நினைக்கும்? வண்டி எப்போதும் காலி என்று நினைக்கும். வண்டி நிறைய ஆள், டிக்கி நிறைய மூட்டையோடு மலை இறங்கும்போதும் பின் பிரேக் அரைகுறையாகத்தான் பிடிக்கும். முன் பிரேக் சூடாகிக் கருகல் வாசம் வரும். ஸ்பிரிங் மாற்றும் பட்டறையில் இந்த வால்வுக் கம்பியைத் திருத்தினார்களா என்று கேளுங்கள். "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டால் வேறு பட்டறை பாருங்கள். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாக இறங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

உயரம் பற்றியும் ஒன்று. பழைய நிலைக்குக் கொண்டுவருவது வேறு, கண்டபடி தூக்குவது வேறு. ஆர்சியில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. நம் வண்டிகள் 15 வருஷம் தாண்டியவை, ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீசில் காட்ட வேண்டியவை. அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க எனக்கு இஷ்டமில்லை.

ஜிப்ஸி, நாகலூர்

எனக்கு நான்கு மூலையும் பட்டைதான், அதனால் சுருள் விவகாரம் தெரியாது. எந்த ஷாக் போய்விட்டது என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். எஸ்டேட் மண் பாதையில் கொஞ்சம் வேகமாக ஓட்டிவிட்டு வந்து, உடனே நான்கு ஷாக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். சட்டென்று தொட்டு எடுங்கள், சுடும். ஆட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால், அது சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறது. வெளியே எண்ணெய் கசியாமலும் உள்ளே போயிருக்கலாம். பம்பரை அமுக்கிப் பார்க்கும் சோதனை இந்த எடை வண்டிகளுக்குச் சரிப்படாது. ஒரு பக்கம் போனாலும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

சஃபாரி டைகோர், அஸ்தம்பட்டி

ஜிப்ஸி அண்ணன் சொன்னது சரி. கடைசியாக, புஷ் பற்றி. வண்டியை லிஃப்டில் தூக்கிச் சக்கரம் தொங்கும்போதே, அச்சைப் பிடித்திருக்கும் லிங்க் தண்டுகளின் போல்ட்டுகளை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையில் பிடிபட்டுவிடும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும், உயரமும் சரியாக உட்காராது. போல்ட்டைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் போட்டுவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, அப்புறம் முழு இறுக்கம். அலைன்மென்ட்டை அன்றைக்கே பார்க்காதீர்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்த பிறகு, ஏற்காடு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுப் போய்ப் பாருங்கள். பட்டறையில் பழைய ஸ்பிரிங்கை "எடைக்குப் போட்டுடறோம்" என்பார்கள், கேட்டு வாங்கி வந்து புதியதன் பக்கத்தில் நிறுத்தி அளந்து பாருங்கள். என்னுடையதில் இரண்டுக்கும் உயரத்தில் நன்றாகவே வித்தியாசம் இருந்தது, கம்பித் தடிமன் ஒன்றேதான்.