1868 என்று விற்கும் ரஷ்ய நியெல்லோ டப்பி: மூடி ஒரு கதை, அடி ஒரு கதை

சுடர்_பெர்லின்

வணக்கம். இங்கே பெர்லினில் ஒரு பழம்பொருள் கடையில் மூக்குப்பொடி டப்பி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். வெள்ளி, மேலே கறுப்பு நியெல்லோ வேலை (வெள்ளியில் வெட்டிய பள்ளத்தில் கறுப்புக் கலவை நிரப்பிய சித்திரம்). கடைக்காரர் "டூலா வெள்ளி, மாஸ்கோ, 1868" என்கிறார் (டூலா வெள்ளி என்பது நியெல்லோ வெள்ளிக்கு வியாபாரிகள் சொல்லும் பெயர்). விலை 1,400 யூரோ.

மூடியில் கிரெம்ளின் கோட்டை, முன்னால் ஆறு, படகு. அடியில் பூங்கொடி. உள்ளே தங்க முலாம். மூடியின் உட்புறத்தில் நான்கு முத்திரை: குதிரைமேல் இருந்து நாகத்தைக் குத்தும் வீரர், 84 என்ற எண், இரண்டு சிரிலிக் எழுத்து (பார்க்க ஆங்கில பி, சி மாதிரி) கீழே 1868-உடன், பிறகு அதே இரண்டு எழுத்து தனியாக இன்னொரு தடவை. அடித்தட்டின் உள்ளே ஒரு பெண் தலையும் 84-உம் மட்டும்.

ஒரே எழுத்து இரண்டு முறை வருவதுதான் எனக்கு நெருடுகிறது. போலி செய்தவன் ஒரே அச்சை இரண்டு இடத்தில் அடித்துவிட்டானா? திருப்பிக் கொடுக்க இரண்டு வாரம் அவகாசம் தந்து டப்பியைக் கையில் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா?

முத்திரைவாசகன்

நீங்கள் நெருடுகிறது என்று சொல்லும் இடம் சரியாகவே இருக்கிறது. அந்த எழுத்துகளை ரஷ்யர் 'வி, எஸ்' என்று படிப்பார்கள். ஆண்டோடு இருப்பது விக்தர் சவின்கோவ், 1855 முதல் 1888 வரை மாஸ்கோவில் மாற்று (வெள்ளியின் சுத்தம்) பார்த்த அதிகாரி. தனியாக இருப்பது வசீலி செமியோனவ், நியெல்லோவுக்கே பேர்போன மாஸ்கோ பட்டறைக்காரர். முதலெழுத்து இருவருக்கும் ஒன்றேதான். குதிரை வீரர் மாஸ்கோ நகர முத்திரை. 84 என்பது சொலோத்னிக் கணக்கு: சுத்த வெள்ளி 96, அதில் 84. அதாவது ஆயிரத்துக்கு 875.

தப்பு அடித்தட்டில் இருக்கிறது. பெண் தலை என்பது கோகோஷ்னிக் முத்திரை. அது 1899-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1908 வரை முகம் இடப்பக்கம் பார்க்கும், கூடவே அதிகாரியின் முதலெழுத்து இருக்கும். 1908-க்குப் பிறகு முகம் வலப்பக்கம், கூடவே ஊருக்கொரு கிரேக்க எழுத்து, மாஸ்கோவுக்கு டெல்டா. உங்கள் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது? எந்தப் பக்கமானாலும் மூடிக்கும் அடிக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. இரண்டு பொருளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

பழையசந்தை

அவசரப்படாதீர்கள் முத்திரைவாசகன் சார். டப்பி என்பது பையில் கிடந்து தேய்ந்த பொருள். அடித்தட்டு நசுங்கி ஓட்டையாகியிருக்கலாம். 1900 வாக்கில் ஒரு மாஸ்கோ நகைக்காரர் புது அடி செய்து, சட்டப்படி முத்திரைக்கு அனுப்பியிருக்கலாம். அன்றைக்கு இருந்த முத்திரைதானே விழும்? பழைய சாமான்கள் சோவியத் காலத்தில் கமிஷன் கடைகளுக்கு வந்தபோது சோவியத் முத்திரையும் வாங்கியிருக்கின்றன, அதற்காக அவற்றை யாரும் போலி என்பதில்லை. நான் இருபுறமும் வாங்கி விற்பவன். முத்திரைப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல பொருளைத் தள்ளிவிடும் வாங்குபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

சுடர், மூடி செமியோனவ் என்றால் 1,400 மோசமில்லை.

பத்தர்பேரன்

நான் பட்டறையில் உட்காருகிறவன், அந்தக் கண்ணோடு சொல்கிறேன். முத்திரையைக் கடைசியில் படியுங்கள். போலி செய்கிறவன் முதலில் கற்றுக்கொள்வதே முத்திரைதான். அச்சு வெட்டத் தெரியாதவன், உடைந்த பழைய கரண்டியின் காம்பிலிருந்து உண்மையான முத்திரையை வெட்டி எடுத்துப் பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்துத் தீ ஊதி ஒட்டவைத்துவிடுவான். (முத்திரை மேல் வாயால் ஊதி ஆவி படியவிட்டுப் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் கோடு தெரியும்.)

நியெல்லோவைப் பாருங்கள். வெள்ளி, செம்பு, ஈயம் மூன்றையும் உருக்கிக் கந்தகம் சேர்த்தால் கறுப்பாக ஒரு கட்டி வரும். அதை இடித்துப் பொடியாக்கி, உளியால் வெட்டிய பள்ளத்தில் நிரப்பிச் சூடாக்கினால் உருகி ஓடி வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அரத்தால் ராவி, வெள்ளியும் கறுப்பும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை மெருகேற்றுவார்கள். அதனால்தான் உண்மையான நியெல்லோ மை போலக் கறுப்பாக இராது. வெளிச்சத்தில் சாய்த்தால் எஃகு மாதிரி ஒரு சாம்பல் பளபளப்பு வரும். பழைய கீறல் ஒன்று வெள்ளியில் தொடங்கினால் கறுப்புக்குள்ளும் தடையின்றி ஓடவேண்டும், இரண்டும் ஒரே நாளில் கீறல் பட்டவை. கறுப்புப் பக்கம் மட்டும் கீறல் இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது பின்னால் நிரப்பியது.

இன்னொன்று. நியெல்லோ கண்ணாடிபோல் நொறுங்கும் சாமான். முத்திரைக்கு நேர் மறுபுறத்தில் கறுப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வேலை முடிந்த டப்பியில் பின்னால் அச்சடித்திருந்தால் அந்த இடத்தில் விரிசல் ஓடியிருக்கும், செதில் பெயர்ந்திருக்கும்.

சுடர் தம்பி, பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து இந்த மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். கூர் ஊசியால் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் லேசாக அழுத்துங்கள். நியெல்லோ என்றால் ஊசி வழுக்கும். பிசின் என்றால் இறங்கும்.

முத்திரைவாசகன்

பத்தர் ஐயா சொன்ன பரிசோதனை எல்லாம் பாதி எதிரியைத்தான் பிடிக்கும். வெலிக்கி உஸ்தியூக் என்ற வடரஷ்ய ஊரில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே நியெல்லோ உண்டு. 1761 முதல் 1776 வரை போபவ் சகோதரர்களின் தொழிற்சாலையே அங்கே நடந்தது. பிறகு தொழில் அருகிப்போய், மிகாயில் சிர்கவ் என்ற ஒரே மூத்த கைவினைஞர் ரகசியத்தைக் காப்பாற்றி வைத்திருந்து, 1933-ல் 'வடக்கு நியெல்லோ' கூட்டுறவு தொடங்கியது. அவர்கள் செய்தது அசல் நியெல்லோ. உங்கள் ஊசி வழுக்கும், எஃகு பளபளப்பும் வரும். சோவியத் வெள்ளியின் மாற்று 875. அதாவது ஜார் காலத்து 84-ஏதான்! உரைகல்லும் ஒன்றையே சொல்லும், இயந்திரமும் ஒன்றையே சொல்லும். ஒரு சோவியத் டப்பியின் முத்திரையை அரத்தால் எடுத்துவிட்டு 1868 அடித்தால், அதை எது காட்டிக்கொடுக்கும்? அடித்த முத்திரையின் தவறுதான். கோகோஷ்னிக் தலையையும் ஆண்டையும் சேர்த்து அடித்துவிடுவான், அதிகாரி பதவியிலேயே இல்லாத ஆண்டைப் போட்டுவிடுவான். இதெல்லாம் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க முடிகிற விஷயம். 'பளபளப்பு சரியில்லை' என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

பத்தர்பேரன்

முத்திரையை அரத்தால் எடுத்தால் அந்த இடத்தில் தகடு மெலியும், விரலுக்குத் தெரியும் ஐயா. உஸ்தியூக் கையையும் மாஸ்கோ கையையும் பிரிக்கவும் முடியும். பழைய உஸ்தியூக் வேலையில் பின்னணியைச் சிறு சிறு புள்ளியாக அடித்து முலாம் பூசியிருப்பார்கள், அதன்மேல் கறுப்புச் சித்திரம் எழும். கூட்டுறவுக் காலத்தில் அதே மரபை வேறு சித்திரத்தோடு தொடர்ந்தார்கள். இதை ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் என்று சொல்வது எங்கள் தொழிலுக்கு நியாயமில்லை.

முத்திரை சரியாக இருந்தால் விவாதம் முடிந்துவிடுமா? 2021-ல் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தின் ஃபாபர்ஜே (ஜார் அரசவை நகைக்காரர்) கண்காட்சியில் சில பொருட்கள் போலி என்று ஒரு வணிகர் வெளிப்படைக் கடிதம் எழுதினார், அருங்காட்சியகம் மறுத்தது. அந்தச் சண்டையும் முத்திரையோடு நிற்கவில்லை, வேலைத்தரத்தைப் பற்றியும் பேசினார்கள்.

யாழினி_வேதியியல்

இருவருக்கும் நடுவே ஒரு வார்த்தை. பெர்லினில் பழைய தங்கம் வாங்கும் கடைகளில் எக்ஸ்ஆர்எஃப் கருவி (எக்ஸ் கதிர் பாய்ச்சி என்னென்ன தனிமம் என்று சொல்வது) இருக்கும், கேட்டால் ஒரு நிமிஷத்தில் பார்த்துத் தருவார்கள். ஆனால் வெள்ளியின் மாற்றை மட்டும் அளக்கச் சொல்லாதீர்கள். திரும்பத் திரும்பச் சூடாக்கி அமிலத்தில் போட்ட வெள்ளியின் மேல்தோலில் செம்பு குறைந்துபோகும், 875 வெள்ளி 900-க்கு மேல் காட்டும். அதை வைத்துப் போலி என்று முடிவு கட்டக்கூடாது. 'பழைய வெள்ளி என்றால் தங்கத்தின் சாயல் இருக்கவேண்டும்' என்பதும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மின்பகுப்பால் சுத்திகரித்த இன்றைய வெள்ளியில் அது அநேகமாக இராது, உண்மைதான். ஆனால் ஜார் காலத்துக் கரண்டியை உருக்கிப் புது டப்பி செய்தால்? சாயல் அப்படியே வந்துவிடும்.

கறுப்பை அளக்கச் சொல்லுங்கள். கதிர் விழும் வட்டம் சில மில்லிமீட்டர் இருக்கும், மெல்லிய கோட்டில் வைத்தால் சுற்றியுள்ள வெள்ளியைத்தான் படிக்கும். மூடியில் ஆற்றுத் தண்ணீர் அகலமான கறுப்பு என்றால் அங்கே, அடியில் எது அகலமோ அங்கே. ஈயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு எச்சரிக்கை: கருவி காட்டும் நிறமாலையில் கந்தகத்தின் கோடும் ஈயத்தின் கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும். ஈயம் இருக்கும் இடத்தில் கருவி கந்தகத்துக்குச் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள்.

இன்னொன்று, கீலைப் பற்றவைத்த இடத்தில் காட்மியம் வந்தால் அந்தப் பற்று 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

சுடர்_பெர்லின்

எல்லாருக்கும் நன்றி. பார்த்தேன், அளந்தும் வாங்கினேன்.

பெண் தலை இடப்பக்கம் பார்க்கிறது, கூடவே முதலில் என் கண்ணில் படாத, லூப்பில்தான் தெரிந்த, 'இ, எல்' என்று படிக்கும் எழுத்து. மூடியில் கீறல்கள் கோட்டைச் சுவரிலிருந்து ஆற்றுக்குள் தடையில்லாமல் ஓடுகின்றன. முத்திரைக்கு நேர் மறுபுறம் விரிசல் இல்லை, ஊதிப் பார்த்தும் ஒட்டுக்கோடு தெரியவில்லை. ஊசி வழுக்குகிறது. ஆனால் கீல் ஓரமாக மட்டும் கறுப்பு கொப்பளித்து, வெள்ளியில் சிறு குழிகள் அரித்ததுபோல் இருக்கின்றன. அடியில் ஊசி இறங்குகிறது. அங்கே கறுப்பு நல்ல மை நிறம்.

கருவி: மூடியின் கறுப்பில் வெள்ளி, செம்பு, ஈயம். அடியின் கறுப்பில் ஈயமும் இல்லை, கந்தகமும் இல்லை. கீல் பற்றில் காட்மியம் இருக்கிறது.

முத்திரைவாசகன்

'இ, எல்' என்றால் இவான் லெபெத்கின், மாஸ்கோ, 1899 முதல் 1908 வரை. இரண்டு முத்திரைத் தொகுதியும் உண்மை, இரண்டும் இரண்டு வேறு பொருளுடையவை. முதல் பதிலிலேயே இதைச் சொன்னேன்.

பத்தர்பேரன்

சொன்னீர்கள் ஐயா, ஆனால் 1900-ல் பழுது பார்த்திருக்கலாம் என்ற வாதத்துக்கு முத்திரையிடம் பதில் இல்லை. கீல்தான் பதில் சொல்கிறது. ஈயம் கலந்த நியெல்லோ பக்கத்தில் தீ வைத்தால் அது மறுபடி உருகி, சூடு மிஞ்சும்போது ஈயம் வெள்ளியையே அரிக்கும். விவரம் தெரிந்தவன் கீலை முதலில் பற்றவைத்துவிட்டுப் பிறகுதான் நியெல்லோ நிரப்புவான். இங்கே வேலை முடிந்த மூடியில் யாரோ பின்னால் கீல் பற்றவைத்திருக்கிறார்கள், காட்மியப் பொடியோடு. லெபெத்கின் காலத்து மாஸ்கோக்காரன் செய்த வேலை இல்லை.

பழையசந்தை

கீலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடியில் பிசின் இருப்பதை வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. நியெல்லோ பெயர்ந்த பொருளுக்கு அருங்காட்சியகப் பாதுகாப்பாளர்களே பிசினோ மெழுகோதான் நிரப்புகிறார்கள், மறுபடி தீ வைத்தால் மிச்சமும் போய்விடும் என்பதால். அடியில் ஒரு காலத்தில் உண்மையான நியெல்லோ இருந்து உதிர்ந்திருக்கக் கூடாதா?

பத்தர்பேரன்

நல்ல கேள்வி. சுடர், பூங்கொடியின் ஒரு கோட்டை அது முடியும் இடத்தில் பாருங்கள். நியெல்லோ உதிர்ந்திருந்தால் பள்ளத்தின் மூலையில் எங்காவது சாம்பல் துகள் ஒட்டியிருக்கும். நியெல்லோவுக்கு வெட்டும் பள்ளம் ஆழமாக, அடி சொரசொரப்பாக இருக்கும், அப்போதுதான் பிடிக்கும். மூடியில் ஏதாவது பெயர்ந்த இடம் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

சுடர்_பெர்லின்

மூடியில் ஒரு படகோரம் பெயர்ந்திருக்கிறது. பள்ளம் ஆழம், அடி கரடுமுரடு. அடித்தட்டில் ஊசி பட்டுப் பிசின் சற்று உரிந்துவிட்டது. உள்ளே ஆழமே இல்லை, உளி போன தடம் கண்ணாடிபோல் மின்னுகிறது. சாம்பல் துகள் எங்கும் இல்லை.

பத்தர்பேரன்

அப்படியென்றால் அது நியெல்லோவே பார்க்காத தகடு. சாதாரணமாகச் செதுக்கிய ஒரு டப்பியின் அடியை எடுத்து, மூடிக்குப் பொருந்தட்டும் என்று பின்னால் கறுப்பு பூசியிருக்கிறார்கள். பாதுகாக்கச் செய்தது என்று இதைச் சொல்ல முடியாது. ஒரே டப்பியாக விற்பதற்காகவே செய்தது.

பழையசந்தை

சரி, அடி போகட்டும். மூடி அசல் செமியோனவ் என்று இப்போது மூன்று வழியில் உறுதியாகிவிட்டது. அதை ஏன் கைவிடவேண்டும்? மூடிக்கு மட்டும் விலை பேசுங்கள், நான் 350 வரை போவேன்.

யாழினி_வேதியியல்

விலை எதுவானாலும் ரசீதில் என்ன எழுதுகிறார் என்பது முக்கியம். 'மூடி மாஸ்கோ 1868, அடி 1899 முதல் 1908 வரை, கீல் பிற்காலம், அடியின் கறுப்பு நியெல்லோ அல்ல, பிசின்' என்று நான்கும் இருக்கவேண்டும். இல்லையென்றால் இதே டப்பி நாளைக்கு இன்னொரு கடையில் மறுபடி 1868 ஆகிவிடும்.

முத்திரைவாசகன்

இதில் யாழினியோடு முழுக்க உடன்படுகிறேன். பத்தர் ஐயாவோடு மற்றதைப் பிறகு பேசிக்கொள்கிறேன், 1933-க்குப் பிந்தைய உஸ்தியூக் டப்பிகளைப் பற்றி அவர் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை.

சுடர்_பெர்லின்

கடைக்காரரிடம் பேசினேன். 400-க்குத் தருகிறாராம். மூடி 1868, அடி பிற்காலம் என்று எழுதச் சம்மதம். 'பிசின்' என்ற சொல்லையும் கீல் விஷயத்தையும் ரசீதில் எழுத மாட்டேன் என்கிறார். நாளைக் காலை டப்பியைத் திருப்பிக் கொடுக்கிறேன்.