பூட்டபிள் பென் டிரைவுக்குத் தமிழ்: கிளப்பு விரலி?

கோவையிலிருந்து:

வணக்கமுங்க. இயங்குதளம் நிறுவும் கையேட்டில் ‘பூட்டபிள் பென் டிரைவ்’, அதாவது கணினியைத் தன்னிலிருந்தே இயங்கத் தொடங்க வைக்கும் பென் டிரைவ், நாலு விதமாக வந்திருக்கிறது: துவக்க வட்டு, துவக்கத்தக்க இயக்கி, நிறுவல் விரலி, பூட் டிரைவ். ஒன்றாக்கியாகணும்.

வட்டு, சிடியோடு போச்சு. ‘இயக்கி’யை டிரைவர் மென்பொருளுக்கும் எழுதுகிறோம், ‘இயக்கியை நிறுவுக’ என்றால் எதை? நிறுவல் விரலியும் பொருந்தாது, லினக்ஸை நிறுவாமல் விரலியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ‘பூட்’ என்றே விடலாமென்றால், உருபு சேர்ந்ததும் பூட்டை, பூட்டில் என்றாகிறது; படிப்பவர் சாவி தேடுவார்.

முன்மொழிவு: கிளப்பு விரலி (‘பூட்’ என்பதற்குக் கிளப்பு, பென் டிரைவுக்கு விரலி).

ஈரோட்டிலிருந்து:

ஏனுங்க, மஞ்சள் மண்டியில கிழங்கு வேற, விரலி வேறன்னு தரம் பிரிக்கிற ஊருங்க இது. ‘8 ஜிபி விரலி வாங்கவும்’னு எழுதினா சிரிப்பாங்க. சரி, ரெண்டும் விரலளவுதான், இருக்கட்டும்.

ஆனா கிளப்பு? காப்பி கிளப்புதான் ஞாபகம் வருது. ‘துவக்கு’ ஏற்கெனவே புழக்கத்துல இருக்குதே. அதுபோக, ஐஎஸ்ஓவை (இயங்குதளம் மொத்தமும் அடங்கின ஒரே கோப்பு) விரலியில காப்பி பண்ணிப் போட்டா ஆச்சு, தனிப் பேர் எதுக்குன்னு கேக்கறவங்களுக்குக் கையேட்டுல பதிலும் இல்லீங்க.

கோவையிலிருந்து:

ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. துவக்கு விரலி என்றால் அங்கே விசையில் வைத்த விரல்தான் நினைவுக்கு வரும். கையேட்டை அவர்களும் படிக்கிறாங்க.

காப்பி பண்ணினால் ஏன் போதாது என்பதில்தான் சொல்லே இருக்குதுங்க. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு ஒழுகிக் குழாய் காலியானால், மோட்டார் சுற்றும், தண்ணி ஏறாது. முதலில் கொஞ்சம் தண்ணி ஊற்றணும். கணினிக்கும் அந்த முதல் தண்ணி வேணும், அதுவும் தாய்ப்பலகை தேடுகிற இடத்திலேயே. பலகையில் இருக்கும் தொடக்க நிரலில் பழைய வகையான பயாஸ், விரலியின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 வரை நிரல், அடுத்த 64 பிரிவு அட்டவணை, கடைசி இரண்டு 55, ஏஏ என்ற குறி. புதிய வகையான யூஈஎஃப்ஐ, ஃபாட் முறையில் வடிவமைத்த பிரிவில் ‘இஎஃப்ஐ’ அடைவுக்குள் ‘பூட்’ அடைவில் ‘பூட்எக்ஸ்64’ கோப்பைத் தேடும். ஐஎஸ்ஓவை ஒரே கோப்பாகப் போட்டால் இரண்டு இடமும் காலி. (வென்டாய் என்ற கருவி விதிவிலக்கு. அது தன் கிளப்பியை, அதாவது இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் நிரலை, முதலில் பதித்துவிடுவதால், பிறகு காப்பி பண்ணினாலே போதும்.)

கிளப்பு எடுத்தால் கிளம்பும் கூடவே வருகிறது. ‘விரலி கிளப்பவில்லை’ என்றால் விரலியில் பிழை. ‘கணினி கிளம்பவில்லை’ என்றால் பலகையையும் பார்க்கணும். துவக்கு, துவங்கு இணையில் ஸ்டார்ட்டும் பூட்டும் ஒன்றாகக் குழம்பும்.

திருப்பூரிலிருந்து:

கிளப்பு விரலிக்கு என் ஓட்டு. கிளப்பி, கிளப்பு வரிசை, இரட்டைக் கிளப்பு எல்லாம் இயல்பா அமையுது. ரீபூட்டுக்கு ‘மறுகிளப்பு’ மட்டும் வாயில வரலீங்க. ‘மீளக் கிளப்பு’ன்னு வெச்சுக்கலாம்.

கையேட்டில் இதையும் சேருங்க. ஐஎஸ்ஓ பழுதில்லாமல் இறங்கிச்சான்னு காட்டும் ஷா256 எண்ணைச் சரிபார்த்த பிறகே எழுதணும். லினக்ஸில் விரலிக்கு எழுதும் டிடி கட்டளையில் இலக்கு ‘எஸ்டிபி’ மாதிரி முழு விரலி, ‘எஸ்டிபி1’ அல்ல. பிரிவுக்குள் எழுதினால் முதல் 512 பைட்டைத் தொடாது, விரலி கிளப்பாது. எழுத்து மாறி ‘எஸ்டிஏ’ என்றால் கணினியின் சொந்த வட்டே போயிரும். அதனால வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவைப் பார்த்து விரலி எதுன்னு உறுதி பண்ணணும். எழுதி முடிஞ்சதாகக் காட்டினாலும் சிங்க் கட்டளை கொடுக்காமல் பிடுங்கக் கூடாது, மிச்சம் நினைவகத்திலேயே நிற்கும்.

விண்டோஸ் விரலியில் வரும் தகராறு வேற. ஃபாட்32 வடிவம் ஒரு கோப்பில் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது, விண்டோஸின் நிறுவல் கோப்பான இன்ஸ்டால்.விம் அதைத் தாண்டிரும். டிஸ்ம் கருவியால் 3800 எம்பி துண்டுகளாக வெட்டலாம். இல்லைன்னா ரூஃபஸ் கருவி: விரலியைப் பெரிய கோப்பையும் ஏற்கும் என்டிஎஃப்எஸ் வடிவம் ஆக்கி, கடைசியில் சின்ன ஃபாட் பிரிவு ஒண்ணில் கிளப்பியை வெக்குது.

டிடிக்குப் பிறகு 16 ஜிபி விரலி விண்டோஸில் சில எம்பி மட்டும் காட்டினால் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் விரலியைத் தேர்ந்து ‘கிளீன்’ கொடுத்து, புதுசாப் பிரிவு போட்டால் முழுசும் திரும்பிரும்.

ஈரோட்டிலிருந்து:

சரிங்க, கிளப்பு விரலியே போடுங்க. செக்யூர் பூட்டுக்கு மட்டும் ‘பாதுகாப்பான கிளப்பு’ வேண்டாம். கையொப்பம் இல்லாத கிளப்பியைத் தள்ளிவிடறதுதான் அதோட வேலை. ‘சான்றுக் கிளப்பு’ எப்படீங்க?