அடுத்த வருட சிடிபிஜி பணத்தை நம்பி ஆள் எடுக்கலாமா?

கூரைக்காரி | ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். ஒஹாயோவில் நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தில், லாப நோக்கமில்லாத சின்ன அமைப்பு ஒன்றின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன். வருமானம் குறைந்த வயதானவர்களின் சொந்த வீடுகளுக்குக் கூரை மாற்றித் தருவது, சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப்பாதை போடுவது, குளிர்காலத்துக்கு முன்னால் ஃபர்னஸ் மாற்றுவது, இதுதான் எங்கள் வேலை. எங்களுக்கு வரும் பணத்தில் முக்கால்வாசி நகராட்சி வழியாக வரும் சிடிபிஜி. அது அமெரிக்க மத்திய அரசின் வீட்டு வசதித் துறையான ஹட் தரும் சமூக மேம்பாட்டு மானியம். தமிழில் இப்படிச் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் புரிவதில்லை, 'அந்தக் கூரைப் பணம்' என்றால் புரிகிறது.

இப்போது எங்களிடம் ஒரே ஒரு தச்சர்தான். காத்திருப்போர் பட்டியலில் 61 வீடுகள். இரண்டாவது தச்சரை நிரந்தரமாக எடுக்கலாம், ஐந்து வருடக் கடனில் ஒரு வேன் வாங்கலாம் என்று வசந்த காலத்தில் போர்டு கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மே 2ஆம் தேதி வெள்ளை மாளிகையின் 2026 பட்ஜெட் யோசனை வந்தது. சிடிபிஜிக்கு பூஜ்யம். வருமானம் குறைந்தவர்களுக்கு வீடு கட்ட உதவும் ஹோம் திட்டத்துக்கும் பூஜ்யம். ஹட் ஒதுக்கீட்டில் மொத்தமாக 44 சதவீதம் வெட்டு. எங்கள் போர்டு தலைவர் அன்று இரவே 'எல்லாவற்றையும் நிறுத்துங்கள்' என்று செய்தி அனுப்பினார்.

ஜூலையில் பிரதிநிதிகள் சபைக் கமிட்டியும் செனட் கமிட்டியும் தனித்தனியாக மசோதா போட்டன. இரண்டிலும் சிடிபிஜி உயிரோடு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் எதை நம்புவது? உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏரிக்கரை_ராஜா

அக்கா, கவலையே வேண்டாம். 2018, 2019, 2020, 2021, இந்த நான்கு நிதியாண்டுக்கும் அதே அதிபர் டிரம்ப் அதே பூஜ்யத்தைத்தான் போட்டார். நான்கு தடவையும் காங்கிரஸ் பணம் கொடுத்தது. 1,200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கும் கவுன்ட்டிகளுக்கும் மாநிலங்களுக்கும் போகிற பணம் இது. தன் தொகுதி மேயரிடம் போய் 'உனக்கு இனி இல்லை' என்று எந்த உறுப்பினர் சொல்வார்? ஆளை எடுங்கள், வேனையும் வாங்குங்கள்.

பழைய_ஃபைல்

ராஜா தம்பி சொன்ன கணக்கு சரி, ஆனால் சொன்ன யோசனை தப்பு. நகராட்சி ஒன்றின் சமூக மேம்பாட்டு அலுவலகத்தில் 22 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நடந்த கதையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

2017 மார்ச்சில், 2018 நிதியாண்டுக்கான முதல் பூஜ்யம் வந்தது. எங்களிடம் மானியம் வாங்கி வீட்டுப் பழுது பார்த்த ஒரு அமைப்பு, உங்களுடையது மாதிரியே இருக்கும், பயந்துபோய் இலையுதிர் காலத்தில் இரண்டு தச்சர்களையும் அனுப்பிவிட்டது. ஒருவர் தனியார் ஒப்பந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தார், இன்னொருவர் ஊரையே விட்டுப் போனார். நிதியாண்டு தொடங்கும் அக்டோபர் 1 தாண்டியது, பட்ஜெட் முடிவாகும்வரை பழைய அளவில் செலவை ஓட்டுகிற தற்காலிகத் தீர்மானம் மேல் தற்காலிகத் தீர்மானமாக ஓடியது. 2018 மார்ச் 23ஆம் தேதி எல்லாத் துறைக்கும் சேர்த்த மொத்த ஒதுக்கீட்டு மசோதா கையெழுத்தானது. அதில் சிடிபிஜி குறையவில்லை, 300 கோடி டாலரிலிருந்து 330 கோடிக்கு ஏறியது. ஹோம் 95 கோடியிலிருந்து 136 கோடிக்குத் தாவியது. பூஜ்யம் என்று அறிவித்த வருடத்தில் இப்படி!

எங்கள் அலுவலகத்தில் கேக் எல்லாம் வெட்டினோம். அப்புறம் அந்த அமைப்புக்கு போன் போட்டால், வேலை செய்ய ஆளில்லை. புதியவர்களைத் தேடிப் பிடித்து, ஈயப் பெயின்ட் பயிற்சி கொடுத்து (1978க்கு முன்னால் கட்டிய வீட்டில் கை வைக்க அது இல்லாமல் முடியாது, உங்களுக்குத் தெரியும்) வேலை ஆரம்பிப்பதற்குள் அடுத்த குளிர்காலம் வந்துவிட்டது. பணம் செலவாகாமல் கணக்கில் ஏறிக்கொண்டே போனது. திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது, கையில் நிற்கிற பணம் ஒரு வருட மானியத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஹட் விதி. நாங்கள் அந்த எல்லையைத் தொட்டுவிட்டோம். ஒரு பக்கம் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிகள், இன்னொரு பக்கம் ஏன் செலவழிக்கவில்லை என்று விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும் நான். அந்த வருடம் எங்களைக் கெடுத்தது வெட்டு இல்லை. வெட்டு வரும் என்ற பயமும், பணம் வந்த தேதியும்தான்.

அதனால் அதிபரின் பட்ஜெட்டைப் படித்து ஆளை அனுப்பாதீர்கள். அதே மாதிரி கமிட்டி மசோதாவைப் படித்து வேனும் வாங்காதீர்கள். ஜூலை மசோதாக்களில் சபை சிடிபிஜிக்கு 330 கோடி போட்டிருக்கிறது, செனட் 310 கோடி. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு எண்ணில் வந்து நிற்கும் என்பது என் ஊகம். நீங்கள் அதைவிடக் கவலைப்பட வேண்டியது அந்த எண் எந்த மாதத்தில் வரும் என்பதைப் பற்றி. இந்த வருடத்தையே பாருங்கள். முழு ஆண்டுத் தீர்மானம் மார்ச் 15ஆம் தேதி கையெழுத்து. அதற்கப்புறம் எந்த ஊருக்கு எவ்வளவு என்று ஹட் சொல்ல 60 நாள். மே நடுவில் எண் வந்தது. அந்த எண் இல்லாமல் நகராட்சி செயல்திட்டத்தை அனுப்ப முடியாது. அதன் பிறகு ஹட் பரிசீலனை, ஒப்பந்தம், சுற்றுச்சூழல் ஆய்வு. ஜூலை 1 திட்ட ஆண்டு என்று பேர், உங்கள் கைக்குப் பணம் வருவது எப்போது? உங்கள் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகியிருக்காது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் வேலை வீட்டுப் பழுது என்பது நல்லது. முதியோர் சாப்பாடு, குழந்தைக் காப்பகம் மாதிரி பொதுச் சேவைகளுக்கு நகராட்சி 15 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. மானியம் சுருங்கினால் முதல் அடிதடி அந்தப் பதினைந்துக்குள்தான். கூரை அந்தக் கட்டுக்கு வெளியே இருக்கிறது. தவிர, உங்கள் மாதிரி பழைய நகரங்களுக்கு மானியத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் பாதி எடை, 1940க்கு முன் கட்டிய வீடுகளுக்கு. அந்த வீடுகள் இருப்பதால்தான் உங்கள் ஊருக்கு இவ்வளவு பணம் வருகிறது. நகராட்சி பொது விசாரணைக் கூட்டம் நடத்தும்போது போய் இதைச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெரும்பாலும் நான்கு பேர்தான் வருவார்கள், அதில் இருவர் ஊழியர்கள்.

மூன்றாம்_மாடி

பழைய ஃபைல் சாரின் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் 2018 மாதிரிதான் 2026ம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்போது காங்கிரஸ் ஒதுக்கினால் பணம் வந்துவிடும் என்று யாரும் இரண்டாவது தடவை யோசிக்கவில்லை. இந்த ஜனவரி 27ஆம் தேதி, மத்திய மானியங்களை எல்லாம் நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு குறிப்பு வந்தது. இரண்டே நாளில் திரும்பப் பெற்றார்கள், சரி. அந்த இரண்டு நாளில் எங்கள் அலுவலகத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஜூலையில், ஏற்கெனவே ஒதுக்கிய 900 கோடி டாலரை காங்கிரஸே திரும்ப எடுத்துக்கொண்டது. அது வெளிநாட்டு உதவியும் பொது ஒலிபரப்பும்தான், வீட்டு வசதி இல்லை. ஆனாலும் வழி என்று ஒன்று திறந்துவிட்டது. ஹட்டில் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் வர முன்பு ஒரு வாரம் ஆனால், இப்போது ஒரு மாதம்.

நான் வாடகைக் குடியிருப்பு கட்டுகிற பக்கம். எங்களுக்கு ஹோம்தான் உயிர்நாடி. செனட் அதற்கு 125 கோடி வைத்திருக்கிறது, சபை மசோதாவில் ஒரு டாலர் கூட இல்லை. ஏன் எப்போதும் ஹோம் மாட்டிக்கொள்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஹட் பணத்தில் பெரும் பங்கு ஏற்கெனவே குடியிருப்பவர்களின் வாடகை உதவிக்குப் போகிறது. வாடகை ஏறினால், ஒரு குடும்பத்தைக் கூடப் புதிதாகச் சேர்க்காமலேயே வாடகை உதவி வவுச்சர் செலவு ஏறும். அந்தக் குடும்பங்களை வெளியேற்ற யாருக்கும் துணிவில்லை. ஹட்டுக்குப் பணம் ஒதுக்கும் துணைக்கமிட்டிக்குக் கிடைக்கும் ஒரே பானையில் போக்குவரத்துத் துறையும் கரண்டி போடுகிறது. மிச்சம் இருக்கிற கட்டுமானப் பணத்தில்தான் கத்தி விழும். 2010ல் ஹோம் 182 கோடிக்கு மேல் இருந்தது. சிடிபிஜி அப்போது கிட்டத்தட்ட 400 கோடி. பதினைந்து வருட விலைவாசியைச் சேர்க்காமலே இவ்வளவு இறக்கம். 'அதே அளவு நிதி' என்று தலைப்பு வந்தால் எங்கள் அலுவலகத்தில் யாரும் கைதட்டுவதில்லை. ஷிங்கிள் (கூரைத் தகடு) விலையைப் பார்க்கிற நீங்களும் தட்ட மாட்டீர்கள்.

நல்ல சேதியும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஜூலை 4 சட்டத்தில் வரிச்சலுகைப் பக்கம் கூட்டியிருக்கிறார்கள்: குறைந்த வாடகை வீடு கட்டுபவர்களுக்கான '9 சதவீத' வரிச்சலுகை ஒதுக்கீடு 2026 முதல் 12 சதவீதம் அதிகம், இன்னொரு வகைச் சலுகை பெற வரிவிலக்குப் பத்திரக் கடனிலிருந்து வர வேண்டிய குறைந்தபட்சப் பங்கு 50லிருந்து 25 சதவீதமாக இறக்கம். வரிச்சலுகை கூடுகிறது, அதில் விழும் ஓட்டையை அடைக்கிற ஹோம் போகிறது. யார் இந்தக் கணக்கைப் போட்டார்களோ! உங்கள் கூரைகளுக்கு இதில் பத்து பைசா பிரயோஜனம் கிடையாது, மன்னிக்கவும்.

கூரைக்காரி

இரண்டு பேருக்கும் நன்றி. பழைய ஃபைல் சார், நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் கதை. இந்த வருட ஒப்பந்தம் இன்னும் நகராட்சி வக்கீல் மேசையில்தான் இருக்கிறது. நாங்கள் முதலில் செலவழித்து, பில் கொடுத்து, அப்புறம்தான் பணம் வாங்குகிறோம். ஜூலையில் போட்ட இரண்டு கூரைக்கும் எங்கள் சேமிப்பிலிருந்துதான் பணம் போயிருக்கிறது. நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: நகராட்சியிலிருந்து ஒரு பைசா வராமல், இருக்கிற தச்சருக்கு நான்கரை மாதம் சம்பளம் கொடுக்க முடியும். இரண்டாவது ஆளையும் எடுத்தால் இரண்டு மாதம்தான்.

ஆகவே போர்டிடம் இப்படிச் சொல்லப் போகிறேன். வேன் வேண்டாம், பழைய பிக்கப்பே ஓடட்டும். இருக்கிற தச்சரை எந்தச் செய்தி வந்தாலும் அனுப்பக் கூடாது. அவருக்கு ஆறு மாதச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டும், அதற்கு இன்னும் ஒன்றரை மாதப் பணம் சேர்க்க வேண்டும். இரண்டாவது ஆள் நிரந்தரமில்லாமல், வேலைக்கு வேலை கூலி. பட்டியலில் இருக்கும் 61 வீட்டில் கூரை ஒழுகுகிற 19 வீட்டை முன்னால் கொண்டுவர வேண்டும், சாய்வுப்பாதை கேட்டவர்களில் சிலர் காத்திருக்க முடியும்.

ஒரு சந்தேகம். மானியம் வருவதற்கு முன்னால் செய்த வேலைக்குப் பிறகு பணம் வாங்க வழி உண்டு என்று யாரோ சொன்னார்கள். உண்மையா?

பழைய_ஃபைல்

உண்டு, ஆனால் வாய்வார்த்தையை நம்பிக் கூரை ஏறாதீர்கள். ஒப்பந்தத்துக்கு முந்தைய செலவை நகராட்சி பிறகு ஈடுகட்டலாம். ஒரு வருடத்தில் மானியத்தின் 25 சதவீதம் அல்லது 3 லட்சம் டாலர், இரண்டில் எது அதிகமோ அதுவரை. அந்த வேலை செயல்திட்டத்தில் இருக்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு முதலில் முடிந்திருக்க வேண்டும். ஆய்வு முடியாமல் ஒரு ஆணி அடித்தாலும் அந்த வீட்டுக்குப் பணம் வராது. ஜூலையில் போட்ட அந்த இரண்டு வீட்டின் ஆய்வுத் தேதியை இன்றைக்கே போய்ப் பாருங்கள். நகராட்சியில் உங்கள் திட்டத்தைப் பார்க்கும் ஊழியரிடம் 'முன்செலவு அனுமதி' கடிதமாகவே வாங்குங்கள், மின்னஞ்சல் போதாது.

மூன்றாம் மாடி தம்பி பயப்படுவதும் நியாயம்தான். ஒதுக்கிய பணத்தையே பிடித்து வைத்தால் என் 22 வருட அனுபவம் எதற்கும் உதவாது. அதனால்தான் ஆறு மாதச் சம்பளம் என்று நீங்கள் போட்ட கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. முடிந்தால் எட்டாக்குங்கள். ஒப்பந்தம் வக்கீலிடமிருந்து வந்ததும் 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்று ஒரு பத்தி இருக்கும், வழக்கமாகக் கடைசிக்கு முந்தின பக்கம். நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். பத்து நாள் என்று இருந்தால் முப்பது கேளுங்கள். பாதி நேரம் கொடுத்துவிடுவார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால்.

கூரைக்காரி

பார்த்தேன் சார். ஒரு வீட்டுக்கு ஆய்வு ஜூன் 24ஆம் தேதியே முடிந்திருக்கிறது. இன்னொன்றுக்குக் கூரை போட்டது ஜூலை 9, ஆய்வில் கையெழுத்து ஜூலை 15. அந்தக் கூரை எங்கள் செலவு. முப்பது நாள் கேட்டு வக்கீலுக்கு இப்போதுதான் எழுதி அனுப்பினேன்.