8க்கு 10 அடி சமையலறையும் சாப்பாட்டு இடமும்: எதை எங்கே வைப்பது?

குயில்தோப்பு (கேள்வி):
வணக்கம். சென்னையில் அடுக்குமாடி வீடு. சமையலறை 10 அடி நீளம், 8 அடி அகலம். கிழக்கே உள்ள 10 அடி சுவரில் ஜன்னல். மேற்கே நடுச்சுவர், அதற்கு அந்தப் பக்கம் ஹாலில் 9க்கு 8 அடி இடம் சாப்பிடுவதற்கு. இப்போதைக்கு ஒரு கடப்பா மேடையும் லாஃப்டும்தான் இருக்கு, எல்லாத்தையும் புதுசா செய்யப்போறோம். சமைப்பவர் உயரம் 5 அடி 1 அங்குலம். தினமும் நாலு பேர், பண்டிகைன்னா ஆறு பேர் இலை போட்டு மேசையில் சாப்பிடணும். மேடை எவ்வளவு உயரம்? நடுச்சுவரை எடுத்துடலாமா? கிரைண்டர், சிலிண்டர் எங்கே? வெள்ளை நிறத்தில் அலமாரி வேணும்னு ஆசை, மஞ்சள் கறையை நினைச்சா பயமா இருக்கு.

தச்சுப்பட்டறை (பதில்):
முதல்ல உயரம். நேரா நின்னு கையை மடக்கினா முழங்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம்னு அளந்து, அதில் 5 அல்லது 6 அங்குலம் கழிங்க. 5 அடி 1 அங்குலம் உள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் வரும், மேடை 32 போதும். பல இடத்தில் கேட்காமலேயே 34 வைச்சுட்டுப் போயிடுவாங்க. அந்த மேடை மேல சாதா அடுப்பு இன்னும் 4, 5 அங்குலம் ஏறும், அதுக்கு மேல குழம்புச்சட்டி. கரண்டி போட்டுக் கிளற தோளைத் தூக்க வேண்டியிருக்கும், ஒரு வருஷத்தில் தோள்வலி வந்துடும். தனி அடுப்பு வைக்கிறதா இருந்தா அடுப்பு நிக்கிற 3 அடியை மட்டும் 4 அங்குலம் இறக்கலாம். இல்லேன்னா கிரானைட்டில் துளை போட்டுப் பதிக்கிற ஹாப் வைங்க. எனக்கு ஹாப்தான் பிடிக்கும். இறக்கிக் கட்டின இடத்தில் கிரானைட் இணைப்பு ஒண்ணு கூடும், எண்ணெயும் தண்ணியும் அங்கேதான் தேங்கும்.

சிங்க் ஜன்னலுக்குக் கீழே, அடுப்பு வடக்குச் சுவரில். L வடிவம். ரெண்டுக்கும் நடுவில் நறுக்க, மாவு பிசைய குறைஞ்சது இரண்டரை அடி காலி மேடை விடுங்க. இந்த இரண்டரை அடிதான் சமையலறையோட உயிர், அங்கே மிக்ஸியைக் கொண்டுபோய் வைச்சுடாதீங்க. ஜன்னலுக்கு நேரா அடுப்பு வேண்டாம், காத்து சுடரைச் சாய்க்கும். மூலையில் விலை உயர்ந்த இழுவைக் கூடை தேவையில்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுக்கிற அண்டா, பெரிய இட்லிப் பானையை அங்கே போட்டுடலாம்.

கிரைண்டர் நடுச்சுவர் ஓரமா ஒன்றரை அடி அகலத்தில், 18 முதல் 20 அங்குல உயரத்தில் தனி மேடையில். மேல் மேடையில் வைச்சா மாவை வழிக்கக் கையை எக்கணும், கல்லைத் தூக்கிக் கழுவுறதும் பாடு. மேடைக்குக் கீழே கதவை விட இழுப்பறை நல்லது, குனியாமலே கடைசிப் பாத்திரம் வரைக்கும் தெரியும். மேல் இழுப்பறையை அஞ்சறைப்பெட்டி மூடியோட நிக்கிற ஆழத்துக்கு வைங்க.

நடுச்சுவரை முழுசா எடுக்காதீங்க. நாலு அங்குலச் சுவரா, ஒன்பது அங்குலமா, தூண் உள்ளே ஒளிஞ்சிருக்கான்னு பொறியாளர் பார்த்துச் சொல்லணும். குடியிருப்போர் சங்கத்தோட சம்மதமும் வேணும். எடுக்க முடிஞ்சாலும் 4 அடி அகலத்துக்கு, தரையிலிருந்து 42 அங்குலத்துக்கு மேலே மட்டும் திறப்பு விடுங்க, திறப்புக்கு மேலே சுவரைத் தாங்குற குறுக்கு உத்தரம் (லிண்டல்) போடணும். பாத்திரம் கைமாற்ற அது போதும், தாளிக்கிற நெடியும் ஹாலுக்குக் கம்மியா போகும்.

மின்பொறி (பதில்):
சிலிண்டரை மேடைக்குக் கீழே வைக்கலாம், ஆனா கதவு போட்டு இறுக்கி மூடக்கூடாது. சமையல் எரிவாயு காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையில்தான் படியும். அதனால் அந்தக் கதவின் அடிப்பாகத்தில் காத்து போற இடுக்குகள் கட்டாயம். அடிப்பலகை போடாம சிலிண்டரைத் தரையிலேயே நிறுத்துங்க, உருட்டி மாத்த சுலபம். ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், கண்ணுல படுற மாதிரி இருக்கணும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும்.

பிளக் விஷயம்: மிக்ஸி, கிரைண்டருக்கு 6 ஆம்பியர் போதும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதுக்கும் ஓவனுக்கும் தனித்தனி 16 ஆம்பியர் லைன். எல்லாத்தையும் மேடையிலிருந்து 9 முதல் 12 அங்குலம் மேலே வைங்க, சிங்க்குக்கும் அடுப்புக்கும் நேர் மேலே மட்டும் வேண்டாம்.

சிம்னி ஹாப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரம். புகையை வெளியே கொண்டுபோற 6 அங்குலக் குழாயை வழியில் 4 அங்குலமாகச் சுருக்கிடுவாங்க, விடாதீங்க. எத்தனை வளைவு கூடுதோ அத்தனை இழுவை குறையும், சத்தமும் ஏறும்.

மஞ்சள்கிழங்கு (பதில்):
வெள்ளை வைக்கலாம், இடம் பார்த்து. மேல் அலமாரிக்கு வெள்ளை, கீழ் இழுப்பறைக்குச் சாம்பல் அல்லது மர நிறம். பலகை மேல ஒட்டுற வழவழப்பான லாமினேட் தாளில் மஞ்சள் பட்டா உடனே துடைச்சாப் போயிடும். மிச்சம் லேசா நின்னாலும் வெயில் படுற இடத்தில் வெளுத்துடும், மஞ்சளோட நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. உண்மையான எதிரி டைல்ஸ் இடுக்கில் பூசுற வெள்ளைச் சிமென்ட். அது கறையை உறிஞ்சிக்கும், பிறகு எதைப் போட்டுத் தேய்ச்சாலும் வராது. அடுப்புச் சுவருக்கு அந்தச் சிமென்ட்டுக்குப் பதிலா எபாக்சி கிரவுட் (பிசின் கலந்த இடுக்குப் பூச்சு) கேளுங்க, கூலி கூடத்தான், ஆனா அந்த ஒரு சுவருக்கு மட்டும் போட்டாலே பாதிக் கவலை தீரும். மேடைக்கு மார்பிள் வேண்டாம், எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் மங்கிடும். கிரானைட்தான்.

மேசைக்கு வரேன். தட்டுக்கு ஆளுக்கு 2 அடி அகலம் போதும், நல்ல நுனி இலையும் அதே 2 அடி பிடிக்கும். பக்கத்துக்கு மூணு பேர்னா 6 அடி நீளம். குறுக்கே இலை 14 அங்குலம், எதிரெதிரே 28. மேசை 36 அங்குல அகலம் இருந்தாத்தான் நடுவில் தண்ணிச் சொம்பும் ஊறுகாய்க் கிண்ணமும் நிக்கும். உங்க 8 அடியில் சுவரோரம் 18 அங்குல பெஞ்ச், 36 மேசை, எதிரே நாற்காலி பின்னே இழுக்க 36 அங்குலம், மொத்தம் 90. ஆறு அங்குலம் மிச்சம். நீளவாக்கில் மிஞ்சுற 3 அடியைச் சமையலறைப் பக்கமே விடுங்க. பெஞ்சில் உட்காருறவங்க பின்னாலிருந்து பரிமாற முடியாது, எதிர்ப்பக்கமிருந்துதான். மேசைக்கு நாலு மூலையிலும் கால் வைக்காதீங்க, பெஞ்சில் நகர்ந்து உள்ளே போறவங்க முழங்கால் இடிக்கும். ஒவ்வொரு முனையிலிருந்தும் ஓர் அடி உள்ளே தள்ளி நடுக்கோட்டில் ஒரு தூண் கால், அகலமான பாதத்தோட.

விளக்கு மேசைக்கு மேலே 30 அங்குலத்தில், 3000 கெல்வின் மஞ்சள் ஒளி. நறுக்குற மேடைக்கு 4000 கெல்வின் வெள்ளை விளக்குப் பட்டை, மேல் அலமாரிக்கு அடியில் முன்விளிம்பில் ஒட்டுங்க. பின்னாடி ஒட்டினா வெளிச்சம் சுவரைத்தான் பார்க்கும், கத்தி நிழலில் இருக்கும்.

குயில்தோப்பு:
எல்லாருக்கும் நன்றி. மேசை அளவு இவ்வளவு தெளிவா எங்கேயும் கிடைக்கல. ஒண்ணே ஒண்ணு: சிங்க் அடியில் எந்தப் பலகை? ஒருத்தர் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்யுற பலகை) சொல்றார்.

தச்சுப்பட்டறை:
வேண்டாங்க. எம்.டி.எஃப். தண்ணி பட்டா ஊறி உப்பிடும், ஸ்குரூ பிடிக்காது. மத்த இடத்துக்கு ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 303 பி.டபிள்யூ.ஆர்., அதாவது கொதிநீர் தாங்குற பிளைவுட், சிங்க் பெட்டிக்கு மட்டும் ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட். அந்த எண்ணோட தர முத்திரை பலகை மேலேயே அச்சா இருக்கணும், அறுக்கிறதுக்கு முன்னாடி பார்த்துடுங்க. வெட்டின ஓரம் நாலு பக்கமும், குழாய்க்குப் போட்ட துளை உள்பட, பட்டி ஒட்டியோ எபாக்சி பூசியோ அடைக்கச் சொல்லுங்க. தண்ணி பலகை நடுவில் இறங்காது, அறுத்த வாய் வழியாத்தான் இறங்கும்.