மறு: ‘தன்தளை ஒப்பந்தம்’ என்ற சொல்லை ஏன் முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

கடலூர் மாணவர்களுக்கான மின்பணக் கையேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு இன்னும் சொல் அமையவில்லை. தன் எதிர்கால நடத்தைக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்ளும் ஒப்பந்த நிரலை (கணினி புரோகிராமை)த் தமிழில் எப்படிச் சொல்வது? சூட்டிகை ஒப்பந்தம், தன்னடக்க ஒப்பந்தம், தற்கட்டுப்பாட்டு ஒப்பந்தம், வில்லங்க ஒப்பந்தம் ஆகியவை இதுவரை உங்கள் பரிந்துரைகளாக வந்துள்ளன. நான் ‘தன்தளை ஒப்பந்தம்’ என்கிறேன். பொருள் பிடிபட்டால்தான் சொல் பிடிபடும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ‘சூட்டிகை’. ‘ஸ்மார்ட் கான்ட்ராக்ட்’ என்பதில் வரும் ‘ஸ்மார்ட்’டின் தமிழ் அது. 1990களில் கணினி அறிஞர் நிக் சாபோ இந்தக் கருத்தை எழுதியபோது, காசு போட்டால் பொருளைத் தள்ளிவிடும் விற்பனை இயந்திரத்தைத்தான் இதன் பழைய முன்னோடியாகக் காட்டினார். அதில் சூட்டிகை எங்கே இருக்கிறது? எழுதிவைத்த படிகளை அப்படியே செய்யும், அவ்வளவுதான். 2015இல், இத்தகைய ஒப்பந்தங்களை இயக்கும் மின்பணத் தளமான எத்தீரியம் வந்த பிறகும் நிலைமை அதேதான். 2016 ஜூனில் ‘டாவோ’ என்ற கூட்டு முதலீட்டு ஒப்பந்தத்திலிருந்து சுமார் 36 லட்சம் ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) வெளியே போனது. யாரும் பூட்டை உடைக்கவில்லை. பணம் எடுக்கும் பகுதியில் முதலில் ஈதரை அனுப்பிவிட்டு, அப்புறம்தான் கணக்கில் இருப்பைக் கழிப்பதாக எழுதியிருந்தார்கள். பணத்தைப் பெற்ற நிரல், இருப்பு கழிபடுவதற்குள் “மறுபடியும் கொடு” என்று கேட்டது. இருப்பு இன்னும் அப்படியே இருந்ததால் ஒப்பந்தமும் கொடுத்தது. இப்படியே திரும்பத் திரும்ப நடந்தது. ஜூலையில், பரிமாற்றங்கள் எல்லாம் பதிவாகும் சங்கிலியையே (பிளாக்செயின்) பிரித்துத்தான் அந்தப் பணத்தை மீட்க முடிந்தது. அந்தப் பிரிவில் பழைய சங்கிலியோடு நின்றதுதான் இன்றைய எத்தீரியம் கிளாசிக்.

“எந்த நேரத்திலும் ஒருவர் எடுத்த மொத்தம் அவருடைய பங்கைத் தாண்டக்கூடாது” என்பது அந்த ஒப்பந்தத்தை எழுதியவர்கள், பணம் போட்டவர்கள் எல்லோர் மனதிலும் இருந்த விதி. நிரலில் மட்டும் அது இல்லை. படிகள் இருந்தன, விதி இல்லை. நம் அத்தியாயம் பேசுவது இந்த இடைவெளியைத்தான்.

விதியையே நிரலாக எழுதுவது ஏரணம் (தருக்கம்) சார்ந்த செயற்கை நுண்ணறிவின் பழைய வழி. 1950களின் இறுதியில் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி அதைத் தொடங்கிவைத்தார். 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் புரோலாக் என்ற ஏரண நிரல்மொழி பிறந்தது. 1986இல் ராபர்ட் கொவால்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தையே ஏரண நிரலாக எழுதிக் காட்டினார்கள். மாணவர்களுக்கு அந்தச் சட்டத்தை விட நம் ஊர்க் கதையே எளிதாகப் புரியும். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்று முதல் இந்தியக் குடிமக்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏரண நிரலில் இது இப்படி வரும்:

ஒருவர் இந்தியக் குடிமகன், அவர் இங்கே பிறந்தவர் என்றால், அன்று இங்கே குடியிருந்தவர் என்றால், கெடுவுக்குள் அறிவிப்புக் கொடுத்ததாகப் பதிவு இல்லை என்றால்.

இதில் ‘முதலில் இதைச் செய், அப்புறம் அதைச் செய்’ என்ற வரிசை கிடையாது. எது உண்மையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே இருக்கிறது. கடைசி நிபந்தனையைப் பாருங்கள். பதிவு இல்லாததையே ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்த ஒரு நிபந்தனையில் திரும்பியது.

இனி ‘தன்’ என்ற பகுதிக்கு வருவோம். சங்கிலியில் ஏற்றிய நிரலை மாற்ற முடியாது என்று சொல்கிறோம். நடைமுறையில் பல ஒப்பந்தங்கள், உண்மையான நிரல் இருக்கும் முகவரியை மட்டும் சுட்டும் முகப்பாக நிற்கின்றன. நிர்வாகச் சாவி வைத்திருப்பவர் முகவரியை மாற்றினால் ஒப்பந்தமே வேறாகிவிடும். தன்தளை ஒப்பந்தத்தில், புதிய பதிப்பின் விதிகளிலிருந்து பழைய பதிப்பு விட்டுக்கொடுக்காத விதிகள் பெறப்படுகின்றனவா என்று இயந்திரம் முதலில் சரிபார்க்க வேண்டும். பெறப்படவில்லை என்றால் மாற்றம் நுழையாது, சாவி யார் கையில் இருந்தாலும் சரி.

எந்த மொழியில் எழுதினாலும் இது முடியும் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. வரம்பில்லாத நிரல் மொழியில், ஒரு நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பொதுவாகத் தீர்மானிக்கும் வழியே இல்லை என்று 1936இல் டூரிங், 1953இல் ரைஸ் என்ற கணித அறிஞர்கள் நிறுவிவிட்டார்கள். அதனால்தான் ஓஹத் அசோரின் ‘டௌ’ (Tau) போன்ற பிளாக்செயின் திட்டங்கள், தீர்மானிக்கக்கூடிய (ஆம், இல்லை என்ற விடை எப்போதும் கிடைக்கும்) ஏரணங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் மேல் கட்ட முயல்கின்றன. மொழியின் வலிமையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் உறுதியைப் பெற முடியும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘தன்னடக்கம்’ ஒரு மனிதரின் பண்பு. நிரலுக்கு அடங்கவும் தெரியாது, மீறவும் தெரியாது. ‘தற்கட்டுப்பாடு’ தவறில்லை. ஆனால் கட்டுப்பாடு என்றதும் மேலே ஒரு அதிகாரி நிற்பதுபோல் காதில் விழுகிறது. நம் ஒப்பந்தத்தில் அப்படி யாரும் இல்லை என்பதே முக்கியம். பண்ருட்டி நண்பரின் ‘வில்லங்கம்’ எனக்கு மிகவும் பிடித்தது. சொத்தோடு ஒட்டிக்கொண்டு, கை மாறினாலும் கூடவே போகும் பொறுப்பைச் சொல்லும் பத்திரச் சொல் அது. ஆனால் பேச்சில் வில்லங்கம் என்றால் வம்பு. ‘வில்லங்க ஒப்பந்தம்’ என்று எழுதினால் யாராவது கையெழுத்துப் போடுவார்களா?

யாப்பில் தளை என்பது நின்ற சீரின் ஈறும் வரும் சீரின் முதலும் எப்படி இணைய வேண்டும் என்ற விதி. ‘அகர முதல’ என்ற தொடக்கத்தைப் பாருங்கள். ‘அகர’ மாச்சீர், அதாவது நேரசையில் முடியும் ஈரசைச் சீர். வெண்பாவில் மாவுக்குப் பின் நிரை (இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்த அசை) வர வேண்டும், ‘முதல’ நிரையில்தான் தொடங்குகிறது. அடுத்த சீர் எந்தச் சொல்லாக இருக்க வேண்டும் என்று தளை சொல்வதில்லை. எப்படித் தொடங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியைப் புலவரிடம் விட்டுவிடுகிறது. நாம் தேடுவதும் இதைத்தான். பிட்காயினில் சாதாரணமாக ‘இந்தப் பணத்தை நீ செலவு செய்யலாமா’ என்றுதான் சரிபார்ப்பு நடக்கும். 2020இல் வந்த 119ஆம் மேம்பாட்டு முன்மொழிவு, ‘அடுத்த பரிமாற்றம் எந்த அமைப்பில் இருக்க வேண்டும்’ என்பதையும் நாணயத்தோடு சேர்த்துக் கட்டப் பார்க்கிறது. அதற்கு ‘தளை நாணயம்’ என்றே சொல்லிவிடலாம். நின்ற பரிமாற்றம், வரும் பரிமாற்றம் என்று யாப்பின் பேச்சையே எடுத்துக்கொள்ளலாம்.

தளை என்றால் விலங்கு, அடிமைத்தனம் என்று புலவர் ஐயா எழுதியிருந்தார். மறுக்கவில்லை ஐயா. ஆனால் இங்கே பூட்டுகிறவரும் பூட்டப்படுகிறவரும் ஒருவரே. ‘தன்’ என்ற முன்னொட்டு அந்தக் கசப்பை எடுத்துவிடுகிறது என்று நினைக்கிறேன். சந்தியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘தன்’ என்பதன் னகரம் வல்லினத்துக்கு முன் திரிந்தும் திரியாமலும் வரலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. ‘தற்றளை’ என்று எழுதினால் முதலாண்டு மாணவர் தடுமாறுவார், தேடுபொறியும் தடுமாறும். ‘தன்தளை’ போதும்.

இந்தச் சொல்லை எடுத்தால் கூடவே ஒரு வினையும் கிடைக்கிறது. விதி மீறப்படும்போது திரையில் வரும் பிழைச் செய்திக்கு நாம் இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை. வெண்பா எழுதிப் பழகிய யாரும் ‘தளை தட்டுகிறது’ என்பார்கள். ‘தளை தட்டுகிறது: எடுத்த தொகை பங்கைத் தாண்டுகிறது’ என்று வந்தால் எந்த விளக்கமும் வேண்டாம்.

‘ஏரணம்’ பற்றி நீண்ட சண்டை வேண்டாம். அத்தியாயத்தில் முதலில் வரும் இடத்தில் ‘தருக்கம் எனப்படும் ஏரணம்’ என்று எழுதிவிட்டு, பிறகு ஏரணம் என்றே போகலாம்.

இன்னும் அகப்படாத சொல் ஒன்று உண்டு. பழைய விதி புதிய விதிகளிலிருந்து பெறப்படுகிறது என்று மேலே எழுதினேனே, அந்த உறவுக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘உட்கிடை’ என்று யோசித்தேன். ஆனால் அது ஆசிரியர் மனதில் வைத்திருக்கும் கருத்து என்ற பொருளுக்கு இழுக்கிறது. ‘பெறுதி’ என்று ஆக்கலாமா, புலவர் ஐயா? உரையாசிரியர்கள் ‘பெறப்படும்’, ‘பெற்றாம்’ என்று இதே பொருளில்தானே எழுதுகிறார்கள். கையேடு அச்சுக்குப் போவதற்குள் உங்கள் பதில் வந்தால் சொல் அட்டவணையையும் முடித்துவிடுவேன்.

அன்புடன்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரியிலிருந்து