குழந்தைகளோடு ஊட்டி போய் வந்தவர்கள் கொஞ்சம் உண்மையைச் சொல்லுங்கள்

தோழிகளே, அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊட்டி. பெரியவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை, கூட மாமியாரும் வருகிறார். இ-பாஸ் எடுத்தாச்சு. மலை ரயிலா காரா என்பதில்தான் வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்புகிறது, 46 கிலோமீட்டர் ஏற கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், அவ்வளவு நேரம் சின்னவளை மடியில் வைத்திருப்பது நடக்கிற காரியமா? டயப்பர் எங்கே மாற்றினீர்கள்? கார் என்றால் கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே பெரியவன் வாந்தி எடுப்பான். கொடைக்கானல் போனபோது தயிர்சாதம் மொத்தமும் மாமியார் புடவையில், சின்னவள் ஒற்றைச் செருப்பை ஜன்னல் வழியே வீசிவிட்டாள், ஆனால் ஸ்டேட்டஸில் நாங்கள் போட்டது என்னவோ ஏரிக்கரையில் எல்லோரும் சிரிக்கிற படம். (எல்லா வீட்டிலும் இப்படித்தானே?)

அதனால் ரோஜாப் பூங்கா படமெல்லாம் வேண்டாம். எங்கே அழுதார்கள், ராத்திரிக் குளிரில் தூங்கினார்களா, மலை ஏறும் முன் சாப்பிட என்ன கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மருந்துப் பெயர் வேண்டாம், அதை டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. பிள்ளை தரையில் புரண்டு அழுகிற வீடியோவையும் ஜாலியாகப் போடு என்கிறாள் என் தங்கை. நாம் படுகிற பாட்டைச் சொல்லலாம், அழுகிற முகத்தை ஊருக்குக் காட்ட வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?